தட்டோரத்தில் ஊற்றுவதையும் கேட்டு எழுதுவோம்

நாம் எடுக்கும் 24 மணி நேர உணவுப் பதிவில் ஊறுகாய்க்கு இடம் உண்டு, அப்பளத்துக்கு உண்டு, டீயில் போடும் சர்க்கரைக்கும் உண்டு. தக்காளி சாஸுக்குப் பெரும்பாலும் இல்லை. "ராத்திரி ரெண்டு சப்பாத்தி சாப்பிட்டான்" என்பார் அம்மா. எண்ணெய் எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டு நாமும் அடுத்த வேளைக்குப் போய்விடுகிறோம். தோசை, பஜ்ஜி, நூடுல்ஸ், முட்டை என எல்லாவற்றுக்கும் சாஸையே தொட்டுக்கொள்ளும் பிள்ளைகள் நம்மிடம் நிறையவே வருகிறார்கள்.

ஒரு மேசைக்கரண்டி சாஸ் ஏறக்குறைய 17 கிராம். அதில் சோடியம் சுமார் 150 மில்லிகிராம், சர்க்கரை சுமார் 4 கிராம். தயாரிப்புக்குத் தயாரிப்பு கூடும், குறையும். ஒரு கரண்டிக்கு யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் பிள்ளைகள் அளந்து ஊற்றுவதில்லை. மூன்று கரண்டி போனால் சர்க்கரை 12 கிராம். ஐசிஎம்ஆர் 2020 பரிந்துரைப்படி 4 முதல் 6 வயதுக் குழந்தையின் அன்றாட ஆற்றல் தேவை 1360 கிலோகலோரி. சேர்க்கும் சர்க்கரை அதில் 5 விழுக்காட்டுக்குள் நிற்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்படிப் பார்த்தால் 17 கிராம்தான் வரும். அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சாஸிலேயே தீர்ந்துவிடுகிறது. கூடவே 450 மில்லிகிராம் சோடியம். பெரியவர்களுக்கே நாளுக்கு 2000தான் வரம்பு.

"தக்காளிதானே, லைக்கோபீன் கிடைக்குமே" என்று பெற்றோர் கேட்பதுண்டு. கிடைக்கும் என்பது உண்மை. வேகும்போது தக்காளியின் செல்சுவர் உடைந்து லைக்கோபீன் விடுபடுகிறது, நீர் வற்றச் செறிவும் ஏறுகிறது. எடைக்கு எடை பச்சைத் தக்காளியைவிட சாஸில் பல மடங்கு உண்டு. ஆனால் உடல் அதை உறிஞ்சிக்கொள்ளக் கொழுப்பு வேண்டும். சாஸில் அது இல்லை. தக்காளி உணவுகளை அதிகம் உண்ட ஆண்களிடம் புரோஸ்டேட் புற்றுநோய் குறைவாக இருந்ததாக 1995இல் எட்வர்ட் ஜியோவனூச்சி குழுவினர் வெளியிட்டது ஓர் அவதானிப்பு ஆய்வு. 2005இல் சான்றுகளை அலசிய அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், தக்காளிக்கான ஆதாரம் மிகக் குறைவு என்றது. லைக்கோபீனைத் தனியாகப் புற்றுநோய்த் தடுப்பாகச் சொல்வதை ஏற்கவேயில்லை. ஆகவே லைக்கோபீனைக் காட்டி சாஸைப் பரிந்துரைக்க நமக்கு அடிப்படை இல்லை. நல்லெண்ணெயில் வதக்கிய தக்காளித் தொக்கு, உப்பை அடக்கிப் போட்டால், அந்த வேலையை இன்னும் நன்றாகச் செய்யும்.

அதற்காக "சாஸை நிறுத்துங்கள்" என்று ஒரே வரியில் எழுதிக் கொடுப்பதும் சரியல்ல. நாலைந்து உணவைத் தாண்டி எதையும் ஏற்காத ஆட்டிசக் குழந்தைக்குப் பழகிய சுவை அது ஒன்றாகவே இருக்கலாம். வேகவைத்த கேரட் துண்டை அதில் தொட்டு வாயில் வைத்தால் அந்த வீட்டுக்கு அது பெரிய முன்னேற்றம். முதலில் அது நடக்கட்டும், அளவை மெல்லக் குறைக்கலாம். கீமோதெரபியில் ருசி மங்கியவர்களுக்கும் அந்தப் புளிப்பு உதவும். வாய்ப்புண் இருந்தால் மட்டும் எரியும். நெஞ்செரிச்சல்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

சிறுநீரக நோயாளிகளிடம் கூடுதல் கவனம் தேவை. சோடியம் குறைந்தது என்று விற்கும் சில சாஸ்களில் உப்புக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கிறார்கள். லேபிளில் 508 என்ற எண் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று நம்பி வாங்கியது, ஏற்கெனவே பொட்டாசியம் ஏறியிருப்பவரை ஆபத்தில் தள்ளக்கூடும்.

பதிவுப் படிவத்தில் ஒரு வரி சேர்ப்போம்: தொட்டுக்கொண்டது என்ன, எத்தனை கரண்டி? கரண்டிக் கணக்கு சொல்லத் தெரியாதவர்களிடம் பாட்டில் எத்தனை நாளில் தீர்கிறது, எத்தனை பேர் தொட்டுக்கொள்கிறார்கள் என்று கேட்கலாம். 950 கிராம் பாட்டிலை இரண்டு பிள்ளைகள் 14 நாளில் காலி செய்தால், ஆளுக்கு நாளொன்றுக்கு 34 கிராம், அதாவது இரண்டு மேசைக்கரண்டி.