கேட்டுக்கு வெளியே மக்கள்

ஊட்டிக்குப் போனால் என்ன பார்ப்பீர்கள்? பொட்டானிக்கல் கார்டன், ஏரியில் போட்டிங், தொட்டபெட்டா. திரும்பும்போது கையில் வர்க்கி பொட்டலம். அந்த ஊரையே உருவாக்கிய கோடை மாளிகைகள் மட்டும் லிஸ்ட்டில் இருக்காது.

மைசூர் மகாராஜாவின் ஃபெர்ன்ஹில் பேலஸ் ஓட்டலானது. ஜோத்பூர் ராஜாவின் ஆரன்மோர் பேலஸ், ‘தமிழகம்’ என்ற அரசு விருந்தினர் மாளிகையானது, வி.ஐ.பி.க்களுக்கு. கார்டனை ஒட்டியிருக்கும் கவர்னர் மாளிகை? கேட் வரைக்கும் போகலாம்!

அந்த மாளிகையின் கதை தெரியுமா? 1870-லிருந்து மதராஸ் சர்க்கார் கோடைதோறும் ஃபைல், குமாஸ்தா சகிதம் மலையேறியது. கவர்னர் மாளிகை எழுந்தது பக்கிங்ஹாம் பிரபு (1875–80) காலத்தில். ஆம், சென்னையில் கால்வாய்க்குப் பெயர் கொடுத்த அதே ஆசாமி. அவர் ஆட்சியில்தான் 1876–78 பஞ்சம் வந்தது. மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் செத்தார்கள். கூவத்தையும் அடையாறையும் இணைக்கும் கால்வாயைப் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டினார்கள். கீழே பட்டினி ஜனம் மண் சுமந்த அதே ஆட்சியில், மேலே மாளிகை.

அதற்காக இடிக்கச் சொல்லவில்லை. திறக்கச் சொல்கிறேன். இந்தக் கதையை அந்தச் சுவர்களுக்குள்ளேயே எழுதி வையுங்கள் என்கிறேன்.

மற்ற நாட்டில் என்ன செய்தார்கள்? இஸ்தான்புல்லில், பாஸ்ஃபரஸ் கரையில் குச்சுக்ஸு என்று ஒரு குட்டி மாளிகை. 1857-ல் சுல்தான் அப்துல்மெஜித்துக்காகக் கட்டி முடித்தது. வேட்டைக்கு வந்தால் இளைப்பாற மட்டும்; பெட்ரூம்கூடக் கிடையாது. 1922-ல் சுல்தான் ஆட்சி முடிந்தது. இன்று அது மியூசியம். டிக்கெட் வாங்கினால் சரவிளக்கையும் மாடிப்படியையும் யாரும் பார்க்கலாம்.

‘பாதுகாப்பு சார்’ என்பார்கள். ஜனாதிபதிக்கு இல்லாத பாதுகாப்பா? ஹைதராபாத்திலும் சிம்லா அருகே மஷோப்ராவிலும் உள்ள ஜனாதிபதி மாளிகைகளை 2023-ல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்களே! ஜனாதிபதி வந்து தங்கும் நாட்களில் மூடிக்கொள்கிறார்கள். அதே ஏற்பாடு ஊட்டிக்கும் போதும். கவர்னர் மே மாதம் மலர்க் கண்காட்சிக்கு வரட்டும், தங்கட்டும். மற்ற மாதங்களில் யாருக்காகப் பூட்டி வைத்திருக்கிறீர்கள்?

தமிழக அரசுக்கும் இதே கேள்விதான். கவர்னரோடு தினம் ஒரு சண்டை போடலாம். ‘தமிழகம்’ மாளிகையின் ஒரு கூடத்தையாவது திறந்துகாட்டிவிட்டு அந்தச் சண்டையைப் போட்டால் கொஞ்சம் எடுபடும்.

2025 கடைசியில் ராஜ் பவன் என்ற பெயரை ‘லோக் பவன்’ என்று மாற்றினார்கள். லோக் என்றால் மக்கள். சந்தோஷம். போர்டு மாற்றியாயிற்று. அப்படியே அந்தப் பூட்டையும் கழற்றிவிடுங்களேன்.