மூழ்கியதா, தரை தட்டியதா?

“கப்பலைக் கடல்மாதா காவு கொண்டாள்!” என்கிறார் புராணப் பிரியர். “எல்லாம் தலைவிதி” என்று தாளம் போடுகிறார் பக்கத்திலே நிற்பவர். எந்தக் கப்பல், அதற்கு என்ன நேர்ந்தது, ஏன் நேர்ந்தது என்று கேட்டுப்பாருங்கள் தோழர்களே! இருவருக்கும் நா எழாது.

தமிழிலே சொல்லுக்கா பஞ்சம்? கலத்தின் அடி நிலத்தில் பட்டு நின்றால் தரை தட்டிற்று. நீர் புகுந்து அமிழ்ந்தால் மூழ்கிற்று. புரண்டால் கவிழ்ந்தது. சொல் மூன்று, நிலை மூன்று. வகுப்பிலே இவற்றை நான் குழப்பியபோது திருத்தியவன், புதுவைக் குப்பத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. பட்டம் பெற்றவன் நான். பாடம் சொன்னவன் அவன்!

வெறும் சொல்தானே என்று தள்ளாதீர்கள். உயிர் இருக்கிறது அதிலே. 1761 ஜனவரி 1: ஆங்கிலேயக் கப்பற்படை புதுவையை முற்றுகையிட்டிருந்த வேளையில் பெரும்புயல். நியூகாசில், குயின்பரோ, புரொடெக்டர் என்னும் மூன்று கலங்கள் நகருக்குத் தெற்கே தரை தட்டின. அவற்றிலிருந்தோர் பெரும்பாலும் பிழைத்தனர். சண்டர்லாந்து உள்ளிட்ட மூன்று கலங்கள் மூழ்கின; ஏறத்தாழ 1,100 பேர் மாண்டனர். கடல் ஒன்று, புயல் ஒன்று. மாதாவுக்கு மட்டும் மனம் இரண்டோ?

2012 அக்டோபர் 31, ‘நீலம்’ புயல். ‘பிரதிபா காவேரி’ கப்பல் சென்னைக் கரையருகே தரை தட்டிற்று, மூழ்கவில்லை. உயிர்காப்புப் படகில் இறங்கியோரில் ஆறு பேர் மாண்டனர். கப்பலிலேயே இருந்தோர் உயிருடன் மீட்கப்பட்டனர். நவம்பர் 11 அன்று அதே கப்பல் ஆழ்கடலுக்கு இழுத்துச் செல்லப்பட்டது. படகேறியோரைப் பழிக்கவில்லை நான். தரை தட்டிய கலம் அழிந்த கலம் அன்று என்பதற்குச் சான்று காட்டுகிறேன்.

நம் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்கு வாருங்கள். அலை கரையோரமாக மணலைக் கொண்டுவந்து முகத்துவாரத்திலே குவிக்கிறது. விசைப்படகு தரை தட்டுகிறது. “மாதா சினந்தாள்” என்றால் அடுத்த வேலை என்ன? தேங்காய் உடைப்பது! “தரை தட்டிற்று” என்றாலோ, கேள்வி பிறக்கிறது: படகு எத்தனை அடி நீரில் அமிழ்ந்து மிதக்கும்? வாயிலிலே ஆழம் எத்தனை அடி? அளந்தவர் யார்? மணலை வாரியது எப்போது? விதியிடம் கணக்குக் கேட்க முடியாது, ஆள்வோரிடம் கேட்கலாம். விதியைப் பேசுவோருக்குக் கைதட்டல் கிடைப்பதன் இரகசியம் இதுதான்!

இளைஞர்களே, சொல்லைத் திருத்திக் கொடுத்தான் அந்தச் சிறுவன். அவன் தந்தையின் படகு தட்டும் மணலை அகற்றச் சொல்லிக் கேட்பது, படித்த நம் கடமை.