திரும்பி வருகிறவர்களுக்கு ஒரு விலாசம் வேண்டும்

மாண்புமிகு பெருந்தோட்ட மற்றும் சமூக உட்கட்டமைப்பு அமைச்சர் அவர்களுக்கு,



தமிழ்நாட்டு முகாம்களில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு, பிள்ளை குட்டிகளோடு நாடு திரும்பும் மலையகக் குடும்பங்களைப் பற்றி எழுதுகிறேன். அகதிகள் என்றதும் கொழும்புக்கு யாழ்ப்பாணமும் மன்னாரும்தான் நினைவுக்கு வரும். ஆனால் 1977 கலவரத்தில் அடிபட்டு மலையிறங்கி, வன்னியில் காடு வெட்டிக் குடியேறி, பிறகு யுத்தம் துரத்த மண்டபம் முகாமில் போய் இறங்கியவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். வெட்டிய காணிக்குப் பலரிடம் உறுதி கிடையாது. அப்படிப்பட்டவர்களில் சிலர் அண்ணனோ சின்னம்மாவோ இருக்கும் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தைத் தேடித்தான் வருகிறார்கள்.

வந்தால் தங்குவது எங்கே? அண்ணன் குடும்பம் ஏற்கெனவே நெருக்கியடித்துக் கிடக்கும் லயக் காம்பராவில்தான். தோட்டத்தில் பேர் பதிந்தவருக்கே காம்பரா. வந்தவருக்குப் பேர் இல்லை. கைகாசுக்குக் கொழுந்து எடுக்கலாம், அவ்வளவுதான். லயத்துக்குத் தனி இலக்கமோ விலாசமோ இல்லாததால் கடிதம்கூடத் தோட்டத்து ஆபிஸுக்குப் போய்த்தான் வர வேண்டும். வதிவிடச் சான்றிதழுக்குப் போனால் தோட்டத்தின் கடிதம் கேட்கிறார்கள். தோட்டமோ, “எங்கள் ஆள் இல்லையே” என்கிறது. இந்த ஒரு தாள் கிடைக்காமல் அடையாள அட்டை, வாக்காளர் இடாப்பு, பாடசாலை அனுமதி எல்லாம் வரிசையாக நின்றுபோகின்றன.

அப்படியொரு குடும்பத்துக்கு நான் படிவம் நிரப்பிக் கொடுத்தேன். அந்த அம்மா ஒரு துணிக்கடைப் பையிலிருந்து தாள்களை ஒவ்வொன்றாகப் பாயில் பரப்பினார்: பாட்டியின் மங்கிப்போன பிறப்புப் பதிவு, முகாம் அட்டை, மகளின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல். மகளின் பிரஜாவுரிமைக்குத் தாயின் தாள் வேண்டும். தாயின் தாளுக்குப் பாட்டியுடையது வேண்டும். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர்களாக்கியது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் அதைத் திருத்தப் பார்த்தது. இந்தியாவுக்கு இடம்பெயர்ந்தவர்களையும் சேர்த்துக்கொள்ள 2009இல் ஒரு திருத்தம் வந்தது. சட்டம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. கவுன்டரில் இருப்பவருக்கு அது தெரிவதில்லை. வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை ஒரு வருடத்துக்குள் பதிய வேண்டும் என்பது விதி. தக்க காரணம் இருந்தால் அவகாசத்தை நீட்டலாம் என்பதும் அதே விதியில்தான் இருக்கிறது. முகாமில் பிறந்ததைவிட வேறு என்ன காரணம் வேண்டும்?

அந்தப் பெண்பிள்ளை தமிழில் நன்றாகப் படித்தவள். ஆனால் எங்கள் சாதாரண தரத்தில் சமயமும் இலங்கை வரலாறும் கட்டாயப் பாடங்கள். தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் சமயம் ஒரு பாடமே இல்லை. சிங்களம் அவளுக்கு எழுத்துக்கூடத் தெரியாது. பத்தாம் வகுப்பு முடித்தவளைக் கீழ் வகுப்பில் உட்கார வைப்பதா, உயர்தரத்துக்கு எடுப்பதா என்று அதிபருக்கும் குழப்பம். முடிவு தெரியும்வரை அவள் கொழுந்துக் கூடையைத் தூக்கிக்கொண்டாள். இப்படி ஆரம்பித்த பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்புவது அபூர்வம் என்பது உங்களுக்கும் தெரியும்.

போதாக்குறைக்கு, 2025 மே மாதம் தமிழ்நாட்டிலிருந்து பலாலி விமான நிலையத்தில் வந்திறங்கிய முதியவர் ஒருவரை, முன்பு அனுமதியின்றி நாட்டைவிட்டுப் போனார் என்று கைது செய்தார்கள். அதற்குப் பிறகு “வாங்க” என்று அங்குள்ள சொந்தங்களுக்குச் சொல்ல இங்குள்ளவர்களுக்கு வாய் வரவில்லை.

திரும்புகிறவர்களை வேறு விதமாகவும் நடத்தலாம். அயர்லாந்திலிருந்தும் லட்சக்கணக்கானோர் பிழைக்கப் போனார்கள். குடும்பத்தோடு திரும்புகிறவர்களை எது தடுக்கிறது என்று அந்த அரசு ஆய்வு செய்து 2018இல் அறிக்கை வெளியிட்டது. வீடு, பாடசாலை, சாரதி அனுமதிப்பத்திரம் என்று சில்லறை விஷயங்கள்வரை பார்த்தார்கள். அவர்கள் விரும்பிப் போனவர்களை அழைக்கிறார்கள். நாம் விரட்டப்பட்டவர்களுக்குக்கூடக் கணக்கு வைத்திருக்கவில்லை.

பெரிய பணம் கேட்டு நான் எழுதவில்லை. நுவரெலியா மாவட்டத்தில் திரும்பிய குடும்பங்கள் எத்தனை என்று முதலில் பதியுங்கள். வதிவிடச் சான்றிதழுக்குத் தோட்டத்தின் கடிதம் கட்டாயமில்லை என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பச் செய்யுங்கள். பிரஜாவுரிமைத் தாள்களைப் பார்க்க மாதம் ஒரு நாள் ஹட்டனில் நடமாடும் சேவை நடக்கட்டும். தாள் வரும்வரை பிள்ளைகளைத் தற்காலிகமாகவாவது சேர்த்துக்கொள்ளும்படி கல்வி அமைச்சிடம் பேசுங்கள். 2017இல் நோர்வூட்டில் வைத்து இந்தியப் பிரதமர் அறிவித்த 10,000 வீடுகளின் பயனாளிகள் பட்டியலில் இவர்களுக்கும் இடம் கொடுங்கள். வீட்டுக்கான ஏழு பேர்ச்சஸ் காணி, தோட்டத்தில் பேர் இருந்தால்தான் கிடைக்கும் என்ற நிலை மாறட்டும். இந்த மலையைத் தேயிலையாக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். இங்கே குடியிருக்க அவர்களுக்குத் தோட்டத்துரையின் சம்மதம் ஏன் வேண்டும் என்பதற்கு உங்கள் அமைச்சு பதில் சொல்ல வேண்டும்.

இங்ஙனம்,
ஹட்டனிலிருந்து ஓர் ஆசிரியர்