அணிக்கு அடுத்த வருசம் உண்டு, பையனுக்கு?

போன மே மாதக் கடைசி. மல்லாட்டை பறித்துக் களத்தில் காயப் போட்டிருந்தேன். எதிர்வீட்டுத் தம்பி ஓட்டமும் நடையுமாக வந்தார். "ணா, கொஞ்சம் வீட்டுக்கு வாங்க. காலேஜ்லருந்து ஒருத்தர் வந்திருக்காரு. அவரு சொல்றது எனக்குப் பாதி புரியல. நீங்க கூட உக்காருங்க" என்றார். நான் படித்தது எஸ்.எஸ்.எல்.சி. எங்கள் தெருவுக்கு அதுவே பெரிய படிப்பு. கையைக் கழுவிக்கொண்டு போனேன்.

வந்தவர் சென்னைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியின் கூடைப்பந்துப் பயிற்சியாளர். தம்பியின் மகன் அந்த வருசம்தான் பிளஸ் டூ முடித்திருந்தான். உயரம் ஆறடி நாலு அங்குலம். ஊரில் அவனுக்குப் பேரே தென்னமரம்தான். அரசுப் பள்ளியில் பி.டி. சார் ஒரு கம்பம் நட்டு வளையம் மாட்டிக் கொடுத்தார். மண் தரை. மழை பெய்தால் பந்து எழும்பாது. அதில் ஆடி மாவட்ட அளவு வரை போயிருக்கிறான். அங்கே யாரோ பார்த்துச் சொல்லி, இவர் சொந்தக் காரில் திருவண்ணாமலைக்கு வந்து, வேட்டவலம் ரோட்டில் வழி கேட்டுக் கேட்டு வந்து சேர்ந்திருக்கிறார்.

ஒளிவுமறைவு இல்லாமல்தான் பேசினார். ஒரு காலத்தில் கோப்பை கோப்பையாக வாங்கிய அணி, சில வருசமாக முதல் சுற்றிலேயே வீட்டுக்கு வருகிறது. நிர்வாகம் பழைய பயிற்சியாளரை மாற்றிவிட்டு இவரைப் போட்டிருக்கிறது. மூணு வருசம் டைம். அதற்குள் அணியை அடியிலிருந்து கட்டிக் காட்ட வேண்டும். "எனக்கு உயரமான பசங்க வேணும் ஐயா. ஆட்டத்தை நான் சொல்லிக் குடுத்துக்குவேன். உயரத்தை நான் குடுக்க முடியாது" என்றார். ஃபீஸ் கிடையாது, ஹாஸ்டல் கிடையாது, சாப்பாட்டுக்குக் காசு கிடையாது, ஷூ கூட அவர்களே வாங்கித் தருவார்கள்.

ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கிற அப்பனுக்கு இதைக் கேட்டால் எப்படி இருக்கும்? தம்பி முகத்தைப் பார்த்தேன். அப்போதே கையெழுத்துப் போடத் தயார்.

அதுவரை உள்ளே நின்றிருந்த பையனின் அம்மா வாசப்படிக்கு வந்து ஒரே கேள்விதான் கேட்டது. "ஏன் சார், வெளையாடறப்போ கால் ஒடஞ்சா? அப்பவும் சோறு போடுவீங்களா?"

பயிற்சியாளர் கொஞ்சம் தடுமாறினார். "அப்படியெல்லாம் ஆகாதும்மா" என்றார்.

அது பதில் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தம்மா சும்மா கேட்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு. சில வருசத்துக்கு முன்னால் பக்கத்து ஊர்ப் பையன் ஒருத்தனைக் கபடிக்காக ஒரு கல்லூரி கூட்டிக்கொண்டு போனது. ரெண்டாம் வருசம் முட்டியில் ஜவ்வு கிழிந்துவிட்டது. ஆபரேசன் செலவு அப்பன் தலையில். ஆறு மாசம் கழித்துப் போனால், ஆடாத பையனுக்கு ஹாஸ்டல் இலவசம் இல்லை, பாக்கி கட்டு என்று சொல்லிவிட்டார்கள். கையில் அரியர் வேறு. படிப்பை விட்டுவிட்டான். இப்போது லோடு வண்டி ஓட்டுகிறான். உழைத்துச் சாப்பிடுகிறான், குறைவாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவனை முன்வைத்துக் கட்டிய அணி அடுத்த வருசம் வேறு பையனை வைத்துக் கட்டப்பட்டது. அவனுக்குத்தான் அடுத்த வருசம் கிடைக்கவில்லை.

விளையாட்டை வைத்துச் சீட்டு வாங்குவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு அது நிஜமான ஏணி. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கென்று 500 இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அரசு வேலையில் 3 சதவீதம் இருக்கிறது. சென்னையில் வளர்ந்த அனிதா பால்துரை கூடைப்பந்து ஆடியே இந்திய மகளிர் அணிக்குத் தலைமை தாங்கினார், ரயில்வேயில் வேலை பெற்றார், 2021-இல் பத்மஸ்ரீ வாங்கினார். பந்து சோறு போடும் என்பதற்கு அவரை விட சாட்சி வேண்டாம்.

ஆனால் இந்த ஏணியில் எத்தனை படி என்று தெரிந்துகொண்டு ஏற வேண்டும். கபடிக்கு 2014-லிருந்து பெரிய லீக் இருக்கிறது. ஏலத்தில் எடுக்கிறார்கள், டிவியில் காட்டுகிறார்கள். கூடைப்பந்துக்கு நம் நாட்டில் அப்படி நிலைத்து நின்ற லீக் ஒன்றும் இல்லை. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி, தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப் மாதிரி அணி வைத்திருக்கும் இடங்களில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்தால்தான் பிழைப்பு. அந்த இடங்கள் ரொம்பக் கொஞ்சம். ஒரு கல்லூரி அணியில் பன்னிரண்டு பேர் ஆடினால், பத்துப் பேருக்குக் கடைசியில் கையில் நிற்கப்போவது பட்டம் ஒன்றுதான். அந்தப் பட்டமும் இல்லையென்றால் மூணு வருசம் அவன் ஓடியது யாருக்காக?

பட்டம் வாங்குவதும் லேசு இல்லை. விடியற்காலை பயிற்சி, சாயங்காலம் பயிற்சி. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி என்று ரயிலில் ஒரு வாரம், பத்து நாள். செமஸ்டர் பரீட்சையும் போட்டியும் முட்டிக்கொண்டால் பரீட்சைதான் ஒதுங்கும். வருகைப் பதிவை எப்படியோ சரிசெய்துவிடுவார்கள். அரியரை யார் சரிசெய்வது? நம்ம பையனுக்கு பி.காம் படிக்க ஆசை. கேட்டதற்கு வந்தவர், "எந்தக் கோர்ஸ்னாலும் போட்டுக்கலாம், அது பிரச்சினை இல்ல" என்றார். எனக்குச் சுருக்கென்றது. படிப்பு அவருக்குப் பிரச்சினை இல்லைதான். பையனுக்கு அதுதானே எல்லாம்!

பேச்சுவாக்கில் சத்னாம் சிங் கதையையும் சொன்னார். பஞ்சாபில் பல்லோ கே என்ற சின்ன கிராமம். விவசாயி மகன். ஏழடி ரெண்டு அங்குலம். லூதியானா அகாடமியில் பழகி, பதினாலு வயசில் அமெரிக்காவுக்குப் பயிற்சிக்குப் போய், 2015-இல் அங்கத்திய என்.பி.ஏ. லீக்கின் டல்லாஸ் அணி தேர்ந்தெடுத்த பையன். இந்தியாவில் பிறந்து அப்படித் தேர்வான முதல் ஆள். எல்லாம் உண்மை. மீதிக் கதையை என் மகன் அன்று ராத்திரி போனில் சொன்னான். சத்னாம் என்.பி.ஏ.வில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. பின்னால் ஊக்கமருந்து விவகாரத்தில் ரெண்டு வருசம் தடை. இப்போது மல்யுத்தம் பக்கம் போய்விட்டார். அவ்வளவு உயரம் போனவருக்கே வழி இப்படி வளைந்தது என்றால், நம்ம வீட்டுப் பிள்ளைக்குப் பக்கத்தில் இன்னொரு வழி வேண்டாமா?

அமெரிக்காவைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே கல்லூரிக் கூடைப்பந்து என்பது கோடிக்கணக்கில் பணம் புரளும் தொழில். பயிற்சியாளர்கள் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைப் பிடிப்பார்கள். 1973-லிருந்து அங்கே உதவித்தொகை வருசா வருசம் புதுப்பிக்கிற மாதிரி இருந்தது. ஆட்டம் பிடிக்கவில்லை, அடிபட்டுவிட்டது என்றால் அடுத்த வருசம் நிறுத்திவிடலாம். பையன்கள் நடுத்தெருவில் நின்றார்கள், பல வருசம் சண்டை நடந்தது. கடைசியில் 2015 ஜனவரியில், பெரிய பல்கலைக்கழகங்கள் ஓட்டுப் போட்டு ஒரு விதி கொண்டுவந்தன. ஆட்டம் சரியில்லை என்றோ, காயம் பட்டது என்றோ ஒரு மாணவனின் உதவித்தொகையைப் பறிக்கக் கூடாது. 2021-லிருந்து ஆட்டக்காரர் தன் பெயரை வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கவும் விட்டுவிட்டார்கள். காசே குறி என்று நாம் சொல்லும் ஊரில் இந்த அளவுக்கு வந்திருக்கிறார்கள். நம்மிடம் வாய்வார்த்தைதான் இருக்கிறது.

"வார்த்தை போதாதா, இவ்வளவு தூரம் வந்து கேக்கறாரே, நம்பலாமே" என்று தம்பி சொன்னார். வந்தவர் நல்லவர்தான், எனக்கும் பிடித்தது. ஆனால் அவருக்கே மூணு வருசம்தான் டைம். முதல் வருசமே தோற்றால் அவரையும் மாற்றிவிடுவார்கள். அவர் கொடுத்த வார்த்தையை அடுத்து வருகிறவர் ஏன் காப்பாற்ற வேண்டும்? குத்தகைக்கு நிலம் விட்டாலே எழுதி வாங்குகிறோம். பிள்ளையை விடும்போது எழுதி வாங்கக் கூடாதா?

உட்கார்ந்து நாலு வரி எழுதிக் கொடுத்தேன். கல்லூரி லெட்டர்பேடில் இதை எழுதித் தாருங்கள், பையன் வருவான் என்றேன்.

ஒன்று: அணியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மூணு வருசமும் ஃபீஸ், ஹாஸ்டல், சாப்பாடு இலவசம்.

ரெண்டு: ஆட்டத்தில் அடிபட்டால் ஆபரேசன் உட்பட வைத்தியச் செலவு கல்லூரியுடையது.

மூணு: அவன் கேட்ட பி.காம். போட்டியால் பரீட்சை தவறினால் மறுபடி எழுத ஏற்பாடு.

நாலு: இடையில் விலகினாலும் மார்க்ஷீட்டையும் டி.சி.யையும் பிடித்து வைக்கக் கூடாது.

நாலாவது என் சொந்தச் சரக்கு இல்லை. மூலச் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-லேயே சொல்லியிருக்கிறது. மற்ற மூன்றுக்கும் அப்படி ஒரு விதி வேண்டும் என்பதுதான் என் கட்சி. விளையாட்டு ஒதுக்கீட்டில் பிள்ளை சேர்க்கும் எந்தக் கல்லூரியும், முதல் நாளே இப்படி ஒரு தாளைப் பெற்றோர் கையில் கொடுக்க வேண்டும் என்று அரசாங்கமே கட்டாயமாக்கலாம். விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் இருக்கிறது, பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. ஒரு சுற்றறிக்கை போட்டால் போதும். நாளைக்கு எந்த ஊர் அம்மாவும் வாசப்படியில் நின்று சோறு போடுவீங்களா என்று கேட்க வேண்டியிருக்காது.

"இவ்வளவு கண்டிசன் போட்டால் கிராமத்துப் பிள்ளைகளை யார் எடுப்பார்கள்?" என்று என் மகனே கேட்டான். எடுப்பார்கள். உயரமும் ஓட்டமும் எங்களிடம்தானே இருக்கிறது, எங்கே போவார்கள்? தவிர, அணி கட்டுகிறவர்களுக்கு ஒரு விவசாயியாக நான் சொல்வதும் உண்டு. கடைசி நேரத்தில் அங்கங்கே நாற்று வாங்கி நட்டு ஒரு போகம் எடுக்கலாம். வருசா வருசம் எடுக்க வேண்டும் என்றால் சொந்தமாக நாற்றங்கால் விட வேண்டும். பெரியகுளத்தைப் பாருங்கள். தேனி மாவட்டத்தில் சின்ன ஊர். அறுபது தடவைக்கு மேல் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடத்தியிருக்கிறார்கள். மே மாசம் வந்தால் ஊரே மைதானத்தில். அந்த ஊர்ப் பிள்ளைகள் பெரிய பெரிய ஆட்டக்காரர்களைப் பார்த்தே வளர்கிறார்கள். எங்கள் மாவட்டத்தில் பிள்ளை தேடி வருகிற கல்லூரிகள், நாலு பள்ளிக்கூடத்துக்கு ஒரு சிமெண்டுத் தரையும் ரெண்டு நல்ல வளையமும் போட்டுக் கொடுத்துவிட்டு, கோடை விடுமுறையில் பத்து நாள் வந்து சொல்லிக் கொடுத்தால் என்ன? அஞ்சு வருசத்தில் ஒரு பையனுக்காகக் காரில் அலைய வேண்டியிருக்காது.

சரி, பையன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். பயிற்சியாளர் என் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். இனி வரமாட்டார் என்று தம்பி என்மேல் ரெண்டு நாள் பேசவில்லை. ஜூன் நடுவில் திரும்ப வந்தார். கையில் கல்லூரிக் கடிதம். ஒன்று, மூன்று, நாலு, மூன்றுக்கும் ஒப்புக்கொண்டு முதல்வர் கையெழுத்து. ரெண்டாவதில் மட்டும், முதலுதவி கல்லூரிச் செலவு, மேற்கொண்டு சிகிச்சை நிர்வாகத்தின் முடிவுக்கு உட்பட்டது என்று எழுதியிருந்தது. "நான் எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன் ஐயா, இதுக்கு மேல அசையல" என்றார். அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது. கேட்டிருக்கிறார், அதுவே பெரிசு.

அன்று ராத்திரி வெகு நேரம் பேசினோம். பையன் போகிறேன் என்றான். அவன் அம்மா கடிதத்தை வாங்கி சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தது. ஜூலையில் பஸ் ஏற்றிவிட்டோம். பி.காம் சேர்ந்திருக்கிறான். முதல் ரெண்டு போட்டியில் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தானாம். சிமெண்டுத் தரையில் ஓடி ஓடிக் கால் எரிகிறது என்று போனில் சொன்னான். அவன் அம்மா உடனே, "முட்டி எப்படிடா இருக்கு?" என்றது. வாரா வாரம் அதே கேள்விதான்.

நகரத்தில் இருக்கிற உங்களில் சில பேர் கல்லூரி நிர்வாகத்தில் இருப்பீர்கள், சில பேர் பழைய மாணவர் சங்கத்தில் இருப்பீர்கள். உங்கள் கல்லூரி அணி ஜெயித்தால் வாட்ஸ்அப்பில் போட்டோ போடுவீர்கள், போடுங்கள். அந்தப் போட்டோவில் உயரமாக ஒரு ஓரத்தில் நிற்கிறானே, அவனுக்கு அடிபட்டால் செலவு யாருடையது என்று ஒரு தடவை நிர்வாகத்தைக் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள். நாங்களும் அந்த ரெண்டாவது வரியை விடவில்லை. பொங்கலுக்குப் பையன் வரும்போது அடுத்த கடிதம் எழுதிக் கொடுத்தனுப்ப வேண்டும்.