போர்த்திவிட்ட அங்கி

'டிராகுலா அங்கியோடு என்னைப் புதைக்கணும்னு கேட்டு வாங்கிண்டு செத்தவராச்சே!' என்றார் ஆபீசில் பக்கத்து ஸீட்காரர், நான் பேலா லுகோசி பற்றிப் பேச்செடுத்ததும். கேட்கவே இல்லை ஸார்.

ஹங்கேரிக்காரர். மேடையில் ஏசுநாதர் வேஷம்கூடப் போட்டவர். 1927-ல் பிராட்வேயில் டிராகுலா, 1931-ல் சினிமா. ஏழு வாரத்துக்கு 3,500 டாலர். (இதற்கு நம் பி.எஃப். தேவலை!) அப்புறம் வந்ததெல்லாம் பேய் அல்லது பைத்தியக்கார விஞ்ஞானி. வலிக்குப் போட்ட மார்ஃபின் பழக்கமாகி, 1955-ல் தானே போய் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்.

1956-ல், 73 வயதில் இறந்தபோது அங்கியைப் போர்த்திவிட்டது மகனும், விவாகரத்தாகிப் போன மனைவியும். முழுநீளப் படங்களில் அவர் டிராகுலாவாக வந்தது இரண்டே தடவை. 1931, 1948.