திண்டிவனத்தில் தட்டப்பட்ட கதவு

சும்மா ஒரு கற்பனை. உங்களுக்கு 18 வயசு. பிளஸ் டூ முடிச்சாச்சு. ஒரு நாள் உங்க பேருக்கு ஒரு கடிதம் வருது. 'இன்ன நாட்டுக்குப் போக வேண்டியது. இரண்டு வருஷம் அங்கேயே இருக்க வேண்டியது. சம்பளம் கிடையாது. செலவுக்குக் காசும் நீங்களே பார்த்துக்கணும்.' எந்த நாடுங்கிறதுல உங்களுக்கு சாய்ஸ் இல்லை. பிரேசிலா இருக்கலாம், பிலிப்பைன்ஸா இருக்கலாம், நம்ம பெங்களூராகூட இருக்கலாம். போவீங்களா?

'ஆளை விடுங்க பாஸ்'னு நீங்க சொல்றது இங்கே கேட்குது. ஆனால், போகிறார்கள்! அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மார்மன் சர்ச்சைச் சேர்ந்த பையன்களும் பெண்களும் ஆயிரக்கணக்கில் இப்படிக் கிளம்புகிறார்கள். பையன்களுக்கு 24 மாதம். பெண்களுக்கு 18 மாதம். முன்பெல்லாம் பையன்கள் 19 வயது வரை காத்திருக்க வேண்டும். 2012-ல் அதை 18 ஆகக் குறைத்தார்கள். காலேஜில் சேர்ந்த பையன்கூட பாதியில் லீவு போட்டுவிட்டு மூட்டை கட்டுவது அங்கே சகஜம்.

அவர்களுடைய ஒரு நாள் எப்படி இருக்கும் தெரியுமா? வழக்கமாகக் காலை 6.30-க்கு எழுந்தாக வேண்டும். கொஞ்சம் உடற்பயிற்சி. அப்புறம் வேதப் படிப்பு. வேற்று மொழி பேசும் ஊர் என்றால் மொழிப் படிப்பு. வெள்ளைச் சட்டை, டார்க் பேன்ட், நெஞ்சில் பெயர் அட்டை. வெளியே கிளம்பினால் ராத்திரி வரை அலைச்சல். 10.30-க்கு லைட் ஆஃப். காதலுக்குத் தடை. நினைத்தபோது சினிமாவுக்குப் போவதும் கிடையாது. வாரத்தில் ஒரு நாள் மட்டும் துணி துவைக்க, மளிகை வாங்க, வீட்டுக்கு எழுத நேரம் கொடுப்பார்கள்.

தனியாகவும் போக முடியாது. எப்போதும் ஜோடிதான். அந்த ஜோடி யார் என்பதையும் மேலிடமே முடிவு செய்யும். நம்ம ஹாஸ்டல்ல ரூம் மேட் பிடிக்கலைன்னா கேன்டீனுக்குத் தப்பிச்சுப் போயிடலாம். இங்கே கேன்டீனுக்கும் அவன் கூடவே வருவான்!

அம்மாவிடம் பேசுவது? 2019 பிப்ரவரி வரைக்கும் வருஷத்துக்கு ரெண்டே ரெண்டு போன். ஒன்று கிறிஸ்துமஸுக்கு, இன்னொன்று அன்னையர் தினத்துக்கு. அதற்கப்புறம்தான் வாரம் ஒருமுறை பேசலாம் என்று மாற்றினார்கள். இதில் இன்னொரு தமாஷ், இந்த 18 வயசுப் பையனைக் கூப்பிடும் பட்டம் 'எல்டர்'. அதாவது 'பெரியவரே'! மீசை முளைக்காத பெரியவர்.

'எல்லாம் சரி, மதம் மாத்தத்தானே வர்றாங்க?' என்று கேட்பீர்கள். ஆமாம், தங்கள் நம்பிக்கையைச் சொல்லத்தான் வருகிறார்கள். அதை அவர்களும் ஒளிப்பதில்லை. அது சரியா தப்பா என்ற பட்டிமன்றத்தை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். இந்த வாரம் என் கேள்வி வேறு. முன்பின் தெரியாத ஊருக்கு, சின்ன வயசில், 'நல்லது செய்யப் போறேன்' என்று போகிற ஒருத்தரால் அந்த ஊருக்கு என்ன செய்ய முடியும்?

இதற்குப் பதில் தேடி யூட்டா வரைக்கும் போக வேண்டாம். திண்டிவனம் போதும்.

அமெரிக்க மிஷனரிகளுக்கு நம்ம ஊர் புதிதில்லை. 1853-லேயே ரிச்சர்ட் பாலன்டைன் என்ற மார்மன் மிஷனரி இரண்டு சகாக்களோடு சென்னையில் வந்து இறங்கினார். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த வருஷமே அவர் கிளம்பிவிட்டார். அதே 1853-ல் இன்னொரு அமெரிக்க சர்ச், நம் வடக்கு மாவட்டங்களில் 'ஆற்காடு மிஷன்' என்று ஒன்றை முறையாகத் தொடங்கியது. இவர்கள் போகவில்லை, தங்கிவிட்டார்கள். ராணிப்பேட்டை, வேலூர், திண்டிவனம் என்று பரவினார்கள். அதை ஆரம்பித்தவர்கள் ஸ்கடர் குடும்பத்துச் சகோதரர்கள். திண்டிவனத்துக்காரர்களுக்கு வால்டர் ஸ்கடர் பள்ளி என்றால் உடனே தெரியும். அதே குடும்பம்தான்.

அந்தக் குடும்பத்தில் 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்த பெண் ஐடா. தாத்தா டாக்டர், மிஷனரி. அப்பா டாக்டர், மிஷனரி. அந்தக் குடும்பத்தில் நாலு தலைமுறைகளில் நாற்பது பேருக்கும் மேல் மிஷனரிகள். நம்ம பக்கத்தில் 'அப்பா டாக்டர், அண்ணன் டாக்டர், அப்போ நீயும் நீட் எழுது' என்பார்களே, அந்த பிரஷர்தான். ஐடா என்ன முடிவெடுத்திருந்தார் தெரியுமா? மிஷனரியாக மட்டும் ஆகவே கூடாது! சின்ன வயசில் தாது வருஷப் பஞ்சத்தின் கொடுமையைக் கண்ணால் பார்த்தவர் அவர். அந்த வெயில், அந்தப் பசி, அந்தத் தூசி எதுவும் வேண்டாம். அமெரிக்காவில் படிப்பு, கல்யாணம், வசதியான வாழ்க்கை. அவ்வளவுதான் பிளான்.

1890-ல் திண்டிவனத்தில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் வந்தது. ஐடா கப்பல் ஏறினார். வயசு 20-கூட முழுசாக ஆகவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொள்வது, மிஷனின் பெண்பிள்ளைகள் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுப்பது என்று நாட்கள் போயின. கரன்ட் கிடையாது. அன்றைக்குத் தென்னாற்காடு மாவட்டத்தில் ஒரு தாலுகா ஊர், அவ்வளவுதான். அம்மா தேறியதும் திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு காலைத் தூக்கியபடியே இருந்த பெண் அவர்.

அப்புறம் அந்த ராத்திரி வந்தது.

ஐடா பிற்காலத்தில் பலமுறை சொன்ன கதை இது. ராத்திரி கதவு தட்டப்பட்டது. வெளியே ஒரு பிராமண இளைஞர். மனைவிக்குப் பிரசவ வலி, மருத்துவச்சி கைவிரித்துவிட்டாள், நீங்கள் வர வேண்டும் என்று கெஞ்சினார். எனக்கு மருத்துவம் தெரியாது, அப்பா டாக்டர், அவரை அனுப்புகிறேன் என்றார் ஐடா. அந்த இளைஞர் பின்வாங்கிவிட்டார். வேற்று ஆண் வீட்டுக்குள் வந்து தன் மனைவியைத் தொடுவதா? கூடாது. கொஞ்ச நேரத்தில் மறுபடி கதவு. இந்த முறை ஒரு முஸ்லிம். அதே பிரசவ வலி, அதே பதில், அதே மறுப்பு. மூன்றாவது தடவையும் கதவு தட்டப்பட்டது. அவர் இன்னொரு மேல்சாதி இந்து. மறுபடியும் அதே கதை.

விடிந்ததும் தெருவில் சாவு மேளம். விசாரிக்க ஆள் அனுப்பினார் ஐடா. மூன்று பெண்களுமே இறந்துவிட்டார்கள்.

ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. மூன்று மதம், சாதி. மூன்று வீடு. ஆனால் சட்டம் ஒன்று: ஆண் டாக்டர் கூடாது. அந்த மூன்று பெண்களிடமும் யாராவது 'உனக்கு யார் வந்தால் பரவாயில்லை?' என்று கேட்டிருப்பார்களா? அப்போது பெண் டாக்டர்களே இல்லையா என்றால், இருந்தார்கள். சென்னை மருத்துவக் கல்லூரி 1875-லேயே பெண்களைச் சேர்க்க ஆரம்பித்துவிட்டது. கோஷா பெண்களுக்கென்று 1885-ல் சென்னையில் தனி மருத்துவமனையே வந்துவிட்டது. ஆனால் திண்டிவனத்திலிருந்து சென்னை சுமார் 125 கிலோமீட்டர். நடுராத்திரியில் வலியெடுத்த பெண்ணுக்கு அது வேறு கண்டம்.

ஐடாவிடம் அன்றைக்கு இல்லாதது என்ன? மனசு இருந்தது. இரக்கம் இருந்தது. கதவையும் திறந்தார். வேலை தெரியவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இங்கே 'அன்றே அவர் டாக்டராக முடிவெடுத்தார், வேலூர் சி.எம்.சி. பிறந்தது' என்று ஒரே தாவாகத் தாவிவிடுவார்கள். சினிமாவில் ஹீரோ சைக்கிள் மிதிக்கும்போது ஒரு பாட்டில் பெரிய ஆள் ஆவாரே, அந்த மாதிரி. எனக்குப் பிடித்த பகுதி அவர்கள் தாவிவிடும் அந்த நடுப்பகுதிதான்.

ஐடா அமெரிக்கா திரும்பினார். 1895-ல் பிலடெல்பியாவில் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பிறகு நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவு திறந்ததும் அங்கே மாறினார். 1899-ல் பட்டம். அதாவது, அழுததற்கும் ஸ்டெதஸ்கோப் கைக்கு வந்ததற்கும் நடுவில் இத்தனை வருஷம் உடற்கூறியல், மருந்தியல், பரீட்சை, மார்க். அந்த வருஷங்களிலும் திண்டிவனத்தில் பெண்கள் பிரசவத்தில் செத்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். அது தெரிந்தும் உட்கார்ந்து படிக்க ஒரு தைரியம் வேண்டும்.

படிப்பு முடிந்ததும் மருத்துவமனை கட்டப் பணம் திரட்ட அலைந்தார். நியூயார்க் வங்கியாளர் ஒருவர் இறந்துபோன தன் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1900-ல் வேலூர் வந்தார். வந்த சில மாதங்களிலேயே, பக்கத்திலிருந்து தொழில் கற்றுத் தர வேண்டிய அப்பா இறந்துபோனார். ஐடா தனியாளாக ஒரு சின்ன அறையில் வைத்தியத்தை ஆரம்பித்தார். 1902-ல் 40 படுக்கைகளோடு மருத்துவமனை வந்தது.

அங்கேயும் ஒரு கணக்கு உதைத்தது. ஒரே ஒரு டாக்டர் எத்தனை கதவுக்குப் போக முடியும்? ஊருக்கு ஊர் பெண் டாக்டர் வேண்டும், அதுவும் இந்த ஊர்ப் பெண்களே வேண்டும். 1909-ல் நர்சிங் பள்ளி. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. 'மூணு பேர் அப்ளை பண்ணினாலே அதிர்ஷ்டம்' என்று ஆண்கள் கிண்டல் செய்தார்கள். வந்த விண்ணப்பங்கள் 151! முதல் பேட்ச் எழுதிய அரசுப் பரீட்சையில் அவருடைய மாணவிகள் 14 பேரும் பாஸ். ஆண்கள் பக்கம் பெரும்பாலானவர்கள் அரியர்! 1947-ல் அந்தக் கல்லூரி பையன்களையும் சேர்த்துக்கொண்டது. ஐடா 1960-ல் கொடைக்கானலில் காலமானார்.

இன்றைக்குத் திண்டிவனத்தில் பஸ் ஏறி விழுப்புரம் போங்கள். நாற்பது கிலோமீட்டருக்குள்தான். விக்கிரவாண்டி தாண்டியதும் முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வரும். 2010-ல் தொடங்கியது. கையில் வெள்ளைக் கோட்டை மடித்துப் போட்டுக்கொண்டு பெண்கள் சாதாரணமாக நடந்து போவார்கள். யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அப்படித் திரும்பிப் பார்க்காத அளவுக்கு அது சாதாரணமானதுதான் பெரிய விஷயம். 2008-லிருந்து 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. தமிழ்நாட்டில் இப்போது நூற்றுக்கு 99 பிரசவங்களுக்கு மேல் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. இதெல்லாம் ஐடா ஒருத்தரின் சாதனை இல்லை. முத்துலட்சுமி ரெட்டி போன்ற டாக்டர்கள், அரசாங்கம், பெயர் தெரியாத ஆயிரக்கணக்கான கிராமச் செவிலியர்கள் எல்லாரும் சேர்ந்து இழுத்த தேர் அது.

சரி, நம்ம கதைக்கு வருவோம். உங்கள்ல நிறைய பேர் என்.எஸ்.எஸ்.ல இருப்பீங்க. இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம், ஒரு கிராமத்தில் ஏழு நாள் ஸ்பெஷல் கேம்ப். கோயில் வளாகத்தைப் பெருக்குவோம், விழிப்புணர்வுப் பேரணி போவோம், மரக்கன்று நட்டு போட்டோ எடுப்போம், கடைசி நாள் ராத்திரி கேம்ப் ஃபயர் போட்டு கொஞ்சம் அழுவோம். கிண்டல் பண்ணலைங்க. ஏழு நாளில் அவ்வளவுதான் முடியும். இரண்டு வருஷம் வருகிற மார்மன் பையனுக்கே அந்த ஊர் மொழி நாக்கில் ஒட்டும்போது டிக்கெட் வந்துவிடும்.

ஆனால் அந்த ஏழு நாளில் யாராவது ஒருத்தர் உங்களிடம் வந்து எதையாவது கேட்டிருப்பார். பட்டா பேப்பரை நீட்டி 'இதுல என்னப்பா எழுதியிருக்கு?' என்று ஒரு தாத்தா. 'போர்ல தண்ணி ஏன் உப்புக் கரிக்குது?' என்று ஒரு அக்கா. 'பையனுக்குப் படிப்பே ஏற மாட்டேங்குது, என்னன்னு பாருப்பா' என்று ஒரு அம்மா. 'தெரியலைங்க' என்று சொல்லிவிட்டு பஸ் ஏறியிருப்பீர்கள். அதில் தப்பில்லை. ஐடாவும் அன்றைக்கு ராத்திரி அதைத்தான் சொன்னார், மூன்று தடவை. தெரியலை என்பதைத் தெரியலை என்றே விட்டுவிடாமல் கற்றுக்கொண்டு வந்தார் என்பதுதான் வித்தியாசம்.

சட்டம் படிக்கிறவருக்கு அந்தப் பட்டா, கெமிஸ்ட்ரி படிக்கிறவருக்கு அந்த உப்புத் தண்ணி, பி.எட். போகிறவருக்கு அந்தப் பையன். 'இதைப் படிச்சு என்னடா ஆகப்போகுது?' என்று செமஸ்டருக்கு ஒரு தடவையாவது கேட்கிறோமே, அதற்கு விடை கேம்பஸ் இன்டர்வியூவில் மட்டும் இல்லை.

அதனால் அடுத்த கேம்ப்பில் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். கிளம்புகிற அன்றைக்கு அந்த ஊர்க்காரர் ஒருத்தரிடம், 'நீங்க கேட்டு எங்களால செய்ய முடியாமப் போனது எது?' என்று கேளுங்கள். அவர் சொல்வதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். யுனிவர்சிட்டி சிலபஸ் இரண்டாவது பக்கத்திலிருந்து ஆரம்பிக்கட்டும்.

அடுத்த வாரம் பார்ப்போமா!