ரோஷம் கோல் போடுமா?

உலகக் கோப்பை நடக்கிற மாதங்களில், டீக்கடை பெஞ்சில் தொடங்கிப் பத்திரிகைத் தலையங்கம் வரையில் ஒரே சுருதியில் ஒலிக்கிற சித்தாந்தம் ஒன்று உண்டு. பெயர்பெற்ற அணி ஒன்று எதிர்பாராத இடத்தில் உதை வாங்கித் தலைகவிழ்ந்து மைதானத்தை விட்டு வெளியேறிய மறுநாளே, “இருங்கள், இனிமேல்தான் வேடிக்கை, அடிபட்ட புலி சும்மா இருக்குமா?” என்று ஒருவர் ஆரம்பிப்பார், தோல்வியே வெற்றிக்கு முதற்படி என்று இன்னொருவர் முடித்துவைப்பார். அந்த அணி பிறகு ஜயித்துவிட்டால் சித்தாந்தம் நிரூபணமாயிற்று என்று கொள்வதும், மறுபடியும் தோற்றால் ரோஷம் போதவில்லை என்று சொல்லி நழுவிவிடுவதும் வழக்கமாக இருக்கிறபடியால், இவர்களை எந்த ஆட்டத்தின் முடிவைக் காட்டியும் மடக்க முடிவதில்லை. ஆகவே இவர்கள் சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு விசாரிப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தோன்றவில்லை.

அவமானம் ரோஷத்தைக் கிளப்பும், ரோஷம் வெற்றியைக் கொண்டுவரும் என்பது முதல் வாதம். 1953 நவம்பர் 25ஆம் தேதி லண்டன் வெம்பிளி மைதானத்தில் ஹங்கேரி அணி இங்கிலாந்தை 6-3 என்று தோற்கடித்தது. ஐரோப்பாக் கண்டத்திலிருந்து வந்த எந்த அணியும் அதுவரை இங்கிலாந்தை அதன் சொந்த மண்ணில் வென்றதில்லை. கால்பந்தை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நாங்கள் என்ற கர்வத்தில் இருந்த ஒரு தேசத்துக்கு இதைவிட ரோஷம் மூட்டக்கூடிய சம்பவம் என்ன இருக்க முடியும்? ஆறு மாதம் கழித்து, 1954 மே 23ஆம் தேதி, பழிதீர்க்கும் வாய்ப்பும் புடாபெஸ்ட் நகரில் கிடைத்தது. வெம்பிளியில் ஆடியவர்களில் ஏழு பேரை நீக்கிப் புதியவர்களைச் சேர்த்துக்கொண்டு போனார்கள். 7-1 என்று தோற்றுத் திரும்பினார்கள். இன்றுவரை இங்கிலாந்தின் சரித்திரத்தில் அதைவிடப் பெரிய தோல்வி கிடையாது.

காரணம் வெம்பிளியிலேயே கண்ணெதிரே நின்றிருந்தது. ஹங்கேரியின் ஹிடெக்குட்டி ஒன்பதாம் எண் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஒன்பதாம் எண்காரர் நிற்க வேண்டிய கோல் முனையில் நிற்காமல் நடுக்களத்துக்கு இறங்கிவந்து ஆடினார். அவரைக் காவல் காக்க வேண்டிய இங்கிலாந்தின் நடுத் தடுப்பாளர், பின்தொடர்ந்து போனால் தமக்குப் பின்னால் அவருடைய கூட்டாளிகளான புஷ்காஷும் கோச்சிஷும் புகுவதற்குப் பெரிய வாசலைத் திறந்துவிட்டவராவார். போகாமல் நின்றால் ஹிடெக்குட்டி நினைத்ததைச் செய்வார். வெம்பிளியில் முதல் நிமிஷத்திலேயே கோல் போட்ட அவர் மொத்தம் மூன்று கோல் போட்டார். இந்தச் சிக்கலுக்கு விடை காணாமல் ஏழு ஆட்களை மாற்றியதனால், பழைய ஆட்கள் விழித்த இடத்தில் புதிய ஆட்கள் விழித்தார்கள், அவ்வளவுதான். 2014 ஜூலை 8ஆம் தேதி உலகக் கோப்பையில் ஜெர்மனியிடம் 7-1 என்று தோற்ற பிரேசிலுக்கும், நான்கே நாளில், சொந்த ஜனங்களுக்கு முன்னால், மூன்றாம் இடத்துக்கான ஆட்டம் காத்திருந்தது. நெதர்லாந்து 3-0 என்று வென்றது. ரோஷம் என்பது ஓர் உஷ்ணம். அதைக்கொண்டு கால் வேகமாக ஓடலாமே ஒழிய, எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதை அது சொல்லாது.

இதில் எனக்குச் சொந்த அனுபவமும் கொஞ்சம் உண்டு. பள்ளிக்கூட நாளில் பக்கத்து ஊர்ப் பையன்களிடம் நாங்கள் ஐந்து கோல் வாங்கி வந்தபோது, எங்கள் டிரில் மாஸ்டர் ரோஷம் வரட்டும் என்று சித்திரை வெயிலில் மைதானத்தைச் சுற்றி நாலு நாள் ஓடவிட்டார். ஐந்தாம் நாள் மறு ஆட்டம். இரண்டு கெண்டைக்காலும் கல்லாய் இறுகியிருக்க, கார்னரிலிருந்து வந்த பந்துக்கு என்னால் ஒரு சாண் கூடத் துள்ள முடியவில்லை. அவர்களுடைய நெட்டைப் பையன் ஒருவன் முந்தின ஆட்டத்தில் தலையால் முட்டியே மூன்று கோல் போட்டிருந்தான். அவனை யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சே அந்த நாலு நாளில் எழவில்லை.

தோல்வி எவ்வளவு பெரியதோ குறையும் அவ்வளவு பெரியது, ஆகையால் எல்லாவற்றையும் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பது இரண்டாவது வாதம். 1954ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் நடந்த உலகக் கோப்பை இதற்கு நல்ல மறுப்பு. ஜூன் 20ஆம் தேதி பாஸல் நகரில் மேற்கு ஜெர்மனியை ஹங்கேரி 8-3 என்று நசுக்கியது. எல்லை தாண்டித் திரளாக வந்திருந்த ஜெர்மானிய ரசிகர்கள் கொதித்தார்கள். பயிற்சியாளர் ஸெப் ஹெர்பெர்கர் விலக வேண்டும் என்று கடிதங்கள் குவிந்தன. அவரோ கலங்கவில்லை. துருக்கியை முன்பே 4-1 என்று வென்றாகிவிட்டது. அந்தப் போட்டியின் விசித்திரமான விதிகளின்படி, ஹங்கேரியிடம் ஒரு கோலில் தோற்றாலும் எட்டுக் கோலில் தோற்றாலும் துருக்கியோடு இன்னொரு தடவை ஆடினால் போதும். இதைக் கணக்குப் பண்ணித்தான் அவர் முதல் ஆட்டத்தில் ஆடிய ஏழு பேருக்கு ஓய்வு கொடுத்துவிட்டு மற்றவர்களை இறக்கியிருந்தார். மூன்று நாளில் துருக்கியை 7-2 என்று வென்று மேலே போனார்கள்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. ஹெல்முட் ரானும் வெர்னர் லீப்ரிஷும் முதல் ஆட்டத்தில் இல்லாமல், அந்த அவமான ஆட்டத்தில் இறங்கியவர்கள். காலிறுதியிலிருந்து இருவருக்கும் பிரதான அணியில் இடம் கிடைத்தது. ஜூலை 4ஆம் தேதி பெர்ன் நகரில், கொட்டுகிற மழையில், அதே ஹங்கேரிக்கு எதிராக இறுதி ஆட்டத்தில் நின்ற பதினொருவரில், பாஸலில் எட்டுக் கோல் வாங்கியவர்கள் ஆறு பேர் இருந்தார்கள். ஊரார் வெட்கப்பட்டுக் கண்ணை மூடிக்கொண்ட ஓர் ஆட்டத்தில் தமக்கு வேண்டிய மணிகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்ட மனிதரின் நிதானத்தை என்னவென்று சொல்வது! முதல் எட்டு நிமிஷத்துக்குள் 2-0 என்று பின்தங்கியும் அவர்கள் குலையவில்லை. இங்கிலாந்தை இருமுறை திணறடித்த ஹிடெக்குட்டியை நிழல்போலப் பின்தொடரும் வேலை ஹோர்ஸ்ட் எக்கெலிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. ஈரத் தரையில் வழுக்காமலிருக்க, பூட்ஸுக்கு அடியில் நீளமான குமிழ்களைத் திருகி மாட்டிக்கொள்ளும்படி பூட்ஸ் தயாரிப்பாளர் அடி டாஸ்லர் செய்துவைத்திருந்தார். ரான் இரண்டு கோல் போட்டார். இரண்டாவது, எண்பத்து நான்காம் நிமிஷத்தில். ஆட்டம் 3-2.

பாஸல் ஆட்டத்தில் லீப்ரிஷின் உதையால் புஷ்காஷின் கணுக்கால் கெட்டு, அவர் இரண்டு ஆட்டங்களை விட்டுவிட்டு முழுக்கக் குணமாகாமலே இறுதி ஆட்டத்துக்கு வந்தார் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அதிர்ஷ்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு. அதை மறந்துவிட்டு ஜெயித்தவனின் யுக்தியையே பாடுவதும் ஒருவகைப் புராணந்தான். தலைகீழாக மாற்றக் கூடாது என்பதற்கு 2010ஆம் ஆண்டு ஸ்பெயினையும் சாட்சிக்கு அழைக்கலாம். முதல் ஆட்டத்தில் சுவிட்சர்லாந்திடம் 1-0 என்று தோற்ற அவர்கள், தங்கள் ஆட்ட முறையை மாற்றாமலே கோப்பையை எடுத்துச் சென்றார்கள்.

மூன்றாவதாக, தலைகுனிவுக்குக் காரணமானவர்களைக் களையெடுத்தால்தான் அணி தேறும் என்கிறார்கள். 2022 நவம்பர் 22ஆம் தேதி, முப்பத்தாறு ஆட்டங்களாகத் தோல்வியே அறியாத அர்ஜென்டினா, கத்தாரில் சவூதி அரேபியாவிடம் 2-1 என்று தோற்றது. அடுத்த ஆட்டத்தில் மெக்ஸிகோவுக்கு எதிராகப் பயிற்சியாளர் ஸ்காலோனி ஐந்து பேரை மாற்றினார் என்பதைக் காட்டி, பார்த்தீர்களா என்று கேட்பார்கள். மாற்றினார், வாஸ்தவம். ஆனால் முதல் பாதியில் மெஸ்ஸியும் லௌதாரோ மார்ட்டினஸும் பந்தை வலைக்குள் தள்ளிய மூன்று தடவை ஆஃப்சைடு கொடி உயர்ந்ததனால்தான் அந்தத் தோல்வியே நேர்ந்தது என்பதை அவர் அறியாதவரல்லர். மெக்ஸிகோவோடு ஆடிய முதல் பாதியில் அந்த ஐந்து பேர் மாற்றமும் பிரமாதமாக ஒன்றையும் சாதித்துவிடவில்லை. அவமானத்தின் பாரம் கால்களைக் கட்டிப்போட்டிருந்ததையே டெலிவிஷனில் நாம் பார்த்தோம். அறுபத்து நான்காம் நிமிஷத்தில் டி மரியா தள்ளிவிட்ட பந்தை மெஸ்ஸி தூரத்திலிருந்து தரையோடு தரையாக அடித்த பிறகுதான் மூச்சு வந்தது. மாற்று ஆட்டக்காரராக வந்த இருபத்தொரு வயது என்ஸோ ஃபெர்னாண்டஸ் இரண்டாவதைப் போட்டார்.

களையெடுக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறவர்கள் என்ன ஆனார்கள் என்பதை யாரும் கவனிப்பதில்லை. சவூதி ஆட்டத்துக்குப் பிறகு பெஞ்சில் உட்கார்த்தப்பட்டவர் பாரெடெஸ். அடுத்த ஓர் ஆட்டத்தோடு தம் இடத்தை இளைஞர் ஆல்வரஸிடம் இழந்தவர் லௌதாரோ. காலிறுதியில் நெதர்லாந்தோடு ஆட்டம் பெனால்டிகளுக்குப் போனபோது, இருவரும் தங்கள் பந்தை வலைக்குள் சேர்த்தார்கள். வெற்றியை முடித்துவைத்தது லௌதாரோவின் உதை. பிரான்ஸோடு நடந்த இறுதி ஆட்டத்திலும் பாரெடெஸ் பெனால்டியை அடித்தார். இடத்தை மாற்றுவது வேறு, மனிதனைத் தள்ளிவைப்பது வேறு. தள்ளிவைத்தால் என்ன ஆகும் என்பதைப் பிரேசிலின் பார்போஸாவைக் கேட்க வேண்டும். 1950இல் மரக்கானா மைதானத்தில் உருகுவேயிடம் 2-1 என்று கோப்பையை இழந்தபோது கோல்கீப்பராக இருந்த ஒரே குற்றத்துக்காக அவரை அந்தத் தேசம் ஆயுள் முழுதும் பழித்தது. வெள்ளைச் சட்டையையும் துரதிர்ஷ்டம் என்று கைவிட்டு மஞ்சளுக்கு மாறினார்கள். இத்தனை பிராயச்சித்தமும் செய்த பிறகு 1954இல் என்ன நடந்தது? காலிறுதியில் ஹங்கேரியிடம் 4-2 என்று தோற்றார்கள்.

ஆட்டக்காரர்கள் உடைமாற்றும் அறையில் நிகழ்த்தப்படும் வீராவேசப் பிரசங்கத்தைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. அர்ஜென்டினாவோடு ஆடிய அன்று இடைவேளையில் சவூதி அணிக்கு அதன் பயிற்சியாளர் எர்வே ரெனார் கொடுத்த டோஸ் உலகம் முழுதும் படமாக ஓடியது. கூர்ந்து கேட்டால், நடுக்களத்தில் பந்தோடு வருகிற மெஸ்ஸியை நெருங்காமல் நின்று வேடிக்கை பார்க்கிறீர்களே, போனை எடுத்துப் படம் பிடித்துக்கொள்ளுங்களேன் என்பதுதான் அதில் இருந்த சாரம். அதாவது, காவலில் இருந்த ஒரு குறிப்பிட்ட ஓட்டையைப் பற்றிய புகார். அதே ரெனார் இருந்தும் அடுத்த இரண்டு ஆட்டங்களில் போலந்திடமும் மெக்ஸிகோவிடமும் தோற்றுப் பிரிவில் கடைசி இடத்தில் முடிந்தது சவூதி. முதல் ஆட்டத்தில் காயம்பட்டு வெளியேறிய கேப்டன் அல் ஃபராஜின் இடத்தைப் பிரசங்கம் நிரப்பவில்லை.

அப்படியானால் அவமானத்தால் ஒரு பிரயோஜனமுமே இல்லையா என்று கேட்டால், ஒன்று உண்டு என்று ஒப்புக்கொள்வேன். அது அதிகாரிகளின் காதையும் பணப்பெட்டியையும் திறக்கிறது. 2000ஆம் ஆண்டு ஐரோப்பியக் கோப்பையில் ஜெர்மனி போர்ச்சுகலிடம் 3-0 என்று தோற்றுப் பிரிவின் அடியில் கிடந்திராவிட்டால், ஒவ்வொரு பெரிய கிளப்பும் சிறுவர் பயிற்சிக்கூடம் நடத்தியே தீர வேண்டும் என்ற நிபந்தனைக்கு ஜெர்மானியக் கிளப்புகள் அவ்வளவு சுலபமாகத் தலையாட்டியிருக்குமா என்பது சந்தேகந்தான். அங்கே வளர்ந்த பிள்ளைகள் கோப்பையைத் தொட 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிரேசிலுக்கும் மரக்கானாவிலிருந்து 1958க்கு எட்டு வருஷம். அந்த ஆண்டு அவர்கள் ஸ்வீடனுக்குப் போனபோது வைத்தியரையும் மனோதத்துவ நிபுணரையும் கூட அழைத்துக்கொண்டு போனார்கள், ஆட்டக்காரர்களின் சொத்தைப் பற்களை முன்கூட்டியே பிடுங்கிவிட்டும் போனார்கள். பல்வலிக்காரனுக்கு எவ்வளவு ரோஷம் இருந்து என்ன?

இவ்வளவு சொல்லியும் ஒப்பாதவர்களுக்கு, பாஸலில் அன்று எட்டுக் கோல் வாங்கிய கோல்கீப்பரை நினைவூட்டுகிறேன். ஹைன்ரிஷ் க்வியாட்கோவ்ஸ்கி என்று பெயர். பெர்னில் அவர் ஆடவில்லை. ஆனாலும் கோப்பை வென்ற அணியில் இருந்தவர். பிறகு 1956இலும் 1957இலும் பொருஸியா டோர்ட்முண்ட் ஜெர்மானிய சாம்பியன் பட்டம் வென்றபோது கோலைக் காத்தவர் அவர்தான். அடிபட்ட புலி என்று கைதட்டக் கிளம்புகிறவர்கள் இன்னும் ஒரு வருஷம் பொறுத்திருக்க வேண்டும். 1958 உலகக் கோப்பையில் மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் அவரைத் திரும்பவும் நிறுத்தினார்கள். பிரான்ஸ் ஆறு கோல் போட்டது. அவற்றில் நான்கு, ஜுஸ்ட் ஃபோந்தேன் அடித்தவை.